லொவீனா குடித்த நரம்பு மருந்து

வெர்மான்ட் மலையடிவாரத்து ஊரில் மது ஒழிப்புச் சங்கத்தின் வெள்ளை ரிப்பனை முதலில் குத்திக்கொண்டவள் லொவீனா பீஸ்லி. வீட்டு ஆப்பிள் சாறு லேசாகப் புளித்துவிட்டால்கூடப் பீப்பாயோடு கவிழ்த்துவிடுவாள்.

தொண்டை அடைப்பான் நோய் ஒரே வாரத்தில் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோனது. அதன் பிறகு அவளுக்குக் கை நடுங்கியது, தூக்கம் அற்றுப்போனது. கண்ணெதிரே சோளரொட்டி கருகினாலும் அசையாமல் நிற்பாள். கணவன் எல்காணா மளிகைக்கடையிலிருந்து ஒரு பாட்டில் வாங்கி வந்தான். ரத்தத்தைச் சுத்தமாக்கி நரம்புக்கு வலுவூட்டும் மூலிகைச் சாறு என்று அதன் மேல் அச்சடித்திருந்தது.

ஒரு கரண்டி உள்ளே போனதும் நெஞ்சுக் கனம் இறங்கியது. அன்று நன்றாகத் தூங்கினாள். நன்றி சொல்லி மருந்துக் கம்பெனிக்கு எழுதினாள். அவர்கள் அவள் படத்தைச் செய்தித்தாளில் விளம்பரமாகப் போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பெண்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

பக்கத்துப் பண்ணை கெசையாவும் வந்தாள். அவள் மகள் ராக்ஸானா ரத்தமில்லாமல் வெளுத்து, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்றார். நீ என்ன சொல்ற லொவீனா?”

“என்னையே பாரேன். செத்த பொணமாட்டம் கெடந்தவ எந்திரிச்சு நிக்கலையா? ஆஸ்பத்திரி எதுக்கு? இதைக் குடு.”

ராக்ஸானாவின் கன்னம் சிவந்தது. மேப்பிள் மரத்துச் சாற்றை இறக்கிப் பாகு காய்ச்சும் நாளில் ஆடக்கூடச் செய்தாள். ஆனால் பனி உருகிப் பாதையெல்லாம் சேறானபோது படுக்கையில் விழுந்தவள், எழாமலே செத்துப்போனாள்.

சூப்புப் பாத்திரத்தோடு லொவீனா கெசையா வீட்டுக்குள் நுழைந்தபோது, டாக்டர் கட்டிலருகே இருந்த பாட்டிலை முகர்ந்துகொண்டிருந்தார்.

“இது சாராயம்மா. அபினும் கலந்திருக்கு. சிவப்பு வந்தது போதையில. ரத்தம் எங்க ஊறுச்சு?”

கெசையா கத்தவில்லை. “தெரிஞ்சேதான் சொன்னியா?” என்று மட்டும் கேட்டாள்.

“சத்தியமா தெரியாது கெசையா.”

“சரி. வீட்டுக்குப் போ.”

வீட்டுக்கு வந்த லொவீனா, இருந்த மருந்தையெல்லாம் சேற்றில் கொட்டினாள். ரிப்பனைக் கழற்றி அடுப்பில் போட்டாள். மறுநாளே வாந்தி எடுத்தது. எலும்பெல்லாம் முறிவதுபோல் வலித்தது. செத்துப்போன பிள்ளைகள் மாடியில் இருமுவது அவளுக்குக் கேட்டது. பார்க்கச் சகிக்காமல் எல்காணா குதிரையைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போய் அதே மருந்தை வாங்கி வந்தான்.

“வேணாம்னு சொன்னேனே.”

“சொன்னதான். குடி.”

குடித்தாள். நடுக்கம் நின்றது. அதற்குப் பிறகு அவள் அதை விட முயலவே இல்லை. கெசையா எதிரே வருவாளோ என்று மாதாகோவிலுக்குப் போவதையும் விட்டுவிட்டாள்.

தன் படத்தை எடுத்துவிடும்படி கம்பெனிக்கு எழுதினாள். பதில் இல்லை. ஒரு கோடையில், வெகுதூரத்திலிருந்து ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெளுத்துப்போன மகளோடு வண்டியில் வந்து இறங்கினாள்.

“அந்த மருந்து விஷம்மா. பிள்ளைக்குக் குடுத்துராத,” என்றாள் லொவீனா.

வந்தவள் அவளுடைய தெளிந்த முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீ மட்டும் நல்லா இருந்தாப் போதுமாக்கும்,” என்று சொல்லிவிட்டு, மகளைத் தாங்கிப் பிடித்து வண்டியில் ஏற்றினாள். வண்டி மளிகைக்கடைப் பக்கம் திரும்பியது.