பையில் என்ன இருந்தது என்று கேட்டவர்

சபையார் எல்லோருக்கும் சாமுவேலின் ஸ்தோத்திரம். நான் மரக்காணத்தில் உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் வேலை செய்கிறேன். ஆண்டவர் ஒரு சின்னக் கேள்வியால் என் உயிரைக் காப்பாற்றினார். அதைச் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவன்.

2005இல் என் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. ஆஸ்பத்திரி மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்வதை என் இதயம் தாங்கவில்லை. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளச் சொன்னார் டாக்டர். இரண்டு லிட்டர் மருந்து நீர் உள்ள பையை உயரத்தில் மாட்டி வயிற்றுக்குள் இறக்க வேண்டும். சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டு அடுத்த பை. ஒரு நாளைக்கு நாலு. எங்கள் வீட்டில் சபை காலண்டர் தொங்கிய ஆணியில்தான் என் பை தொங்கியது.

என் சம்பளத்தில் மாதாமாதம் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்கள். பில்லை அனுப்பினால் பணம் வரும் என்று நம்பினோம். பாண்டிச்சேரி மருந்துக் கடைக்காரரும் அதை நம்பித்தான் கடனுக்குக் கொடுத்தார். காப்பீட்டு அலுவலகத்துக்குப் பாஸ்டர் மனு எழுதித் தருவதாகச் சொன்னார். என் கையெழுத்து அழகு என்று எனக்கு ஒரு கர்வம், நானே எழுதினேன். ‘மாதம் 120 பை தேவைப்படுகிறது’ என்று முத்து முத்தாக எழுதி, தொழில் என்ற இடத்தில் ‘உப்பு பாக்கெட் போடுதல்’ என்றும் எழுதினேன். கடை பில்லிலும் வெறும் ‘பை’ என்றுதான் இருந்தது. டாக்டர் கடிதத்தையும் இணைக்க வேண்டும் என்று தெரியாமல் பீரோவில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தேன்.

மனு திரும்பி வந்தது. ‘பைகள் வழங்குவது வேலை கொடுக்கும் நிறுவனத்தின் பொறுப்பு’ என்று ஒரே வரி. மறுபடி எழுதினேன். மறுபடி அதே வரி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கம்பெனி சூப்பர்வைசரிடம் காட்டினால் அவரும் முழித்தார். கடைக்காரர் இனிக் கடன் இல்லை என்று சொல்லிவிட்டார். வீட்டில் ஏழு பைகள் மீதி. இரண்டு நாள்கூட வராது. என் மனைவி எஸ்தரின் முகத்தைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

அதுவரை புது சிறுநீரகம் தாரும் என்று பெரிய பெரிய வார்த்தைகளில் ஜெபித்தவன் நான். அன்று காலை பையை மாட்டும்போது வார்த்தையே வரவில்லை. “ஆண்டவரே, யாராவது ஒருத்தர் என்னாண்ட இன்னா ஏதுன்னு கேக்கட்டும்” என்று மட்டும் சொன்னேன்.

எஸ்தர், “பேப்பர் பேசாதுங்க. நேர்ல போலாம்” என்றாள். வெளியே நல்ல மழை. காலியான டயாலிசிஸ் பை ஒன்றின் மேல்பக்கத்தை வெட்டி, கழுவித் துடைத்து, பீரோவில் இருந்த காகிதம் முழுவதையும் நனையாமல் அதற்குள் போட்டுக்கொண்டாள்.

காப்பீட்டு அலுவலகத்தில் ஒரு அம்மா இருந்தார். மனுவைப் பார்த்ததும், கம்பெனியில் போய்க் கேளுங்கள் என்றுதான் ஆரம்பித்தார். பிறகு மேசைமேல் இருந்த பையையும் அதில் அச்சடித்திருந்ததையும் பார்த்தார்.

“இந்தப் பையில இன்னாங்க இருந்துச்சு?”

“மருந்துத் தண்ணிமா. என் வயித்துக்குள்ள போறது.”

என் மனுவை எடுத்து மறுபடி படித்தார். “உப்பு ரொப்புற பைன்னு நெனச்சிட்டமே” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. எஸ்தருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த அம்மா டாக்டர் கடிதத்தை வாங்கிக்கொண்டு, ‘வீட்டு டயாலிசிஸ் மருந்து நீர்’ என்று சொல்லச் சொல்ல, என்னைப் புதிதாக எழுத வைத்தார். கண்ணீரில் எழுத்து கோணல்மாணலாக வந்தது. அந்த மனுதான் பாஸானது. அவரே கடைக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். மறுநாள் சாயங்காலம், கடைசிப் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் மருந்துக் கடை டெம்போ வந்து நின்றது.

சிறுநீரகம் இன்னும் சரியாகவில்லை. ஆனால் இந்த 2006இல் மறுபடி வேலைக்குப் போகிறேன், மதியப் பையைக் கம்பெனி முதலுதவி அறையில் மாற்றிக்கொள்கிறேன். முன்பெல்லாம் யாராவது ஜெபிக்கச் சொன்னால் உடனே கண்ணை மூடிவிடுவேன். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கஷ்டம் என்று முதலில் கேட்கிறேன்.

உங்கள் மனுவும் திரும்பி வந்திருக்கலாம். சோர்ந்து போகாதீர்கள், வருகிற வார்த்தையிலேயே ஆண்டவரிடம் கேளுங்கள். நான் வெறும் பை என்றுதான் எழுதினேன். உள்ளே என் உயிர் இருந்தது அவருக்குத் தெரியும்.