சம்பள மேசைக்கு நீண்ட கை

1912 நவம்பர் 9, சனிக்கிழமை, பின்னேரம் நாலு மணி பத்து நிமிடம். காலையிலிருந்து விடாத மழை. ஆபீஸ் தகரக் கூரையின் சத்தத்தில் நான் கூப்பிட்ட பெயர்கள் எனக்கே கேட்கவில்லை. பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்போது நான் பெரிய கிளாக்கர். அன்று சம்பள நாள்.

எங்கள் தோட்டத்து வழக்கப்படி, பெண் கொழுந்து பறித்த கூலியையும் புருஷன்தான் வாங்குவான். அவள் பெயரைக் கூப்பிடுவேன், அவன் கை நீளும். பக்கத்தில் நிற்கும் பெரிய கங்காணி அந்தக் கையிலிருந்தே தமக்கு வரவேண்டிய கடனை எடுத்துக்கொள்வார். ஆறு வருஷம் அப்படித்தான் கொடுத்தேன். ஒரு சதம் பிசகியதில்லை.

அன்று முப்பத்தோராவது பெயருக்கு ஒரு பெண்ணே முன்னால் வந்து கையை நீட்டினாள். அவள் போர்த்தியிருந்த கம்பளியிலிருந்து மேசைமேல் தண்ணீர் சொட்டியது. புத்தகம் நனைகிறதே என்பதுதான் என் முதல் கவலை.

"உன் புருஷன் எங்க?" என்றேன்.

"பின்னாலதாங்க நிக்கிறாரு. அம்மா கதையை முடிக்கலங்க. அந்தக் கணக்கப்பிள்ளை குடுத்தானா இல்லையான்னு தெரியல. அதான் இங்கயே பாத்துரலாம்னு வந்தேன்."

அம்மா என்றது என் மனைவியை. திருச்சிப் பக்கத்திலிருந்து என்னைக் கட்டிக்கொண்டு பத்தொன்பது வயதில் இங்கே வந்தவள். கப்பல், ரயில், பண்டாரவளையிலிருந்து மாட்டு வண்டி என்று ஆறு நாள் பயணம். கொண்டுவந்ததில் பாதி எழுதிய காகிதம். கதைகளை என்னிடம் காட்டமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்ணீர்ப் பீலிக்கரையில் துணி துவைக்க வரும் பெண்களுக்குத்தான் வாசிப்பாள். அந்தக் கதையில் தேயிலையே கிடையாது. அவள் ஊரில் நாற்று நடும் ஒருத்தி தன் கூலிக்குக் கணக்கப்பிள்ளையிடம் தானே கை நீட்டுகிறாள். முடிவு பிடிபடாமல் அங்கேயே நிறுத்தியிருந்தாள்.

கங்காணி சிரித்தார். "புருஷன் கை சூம்பிப் போச்சா?"

"இல்லீங்க கங்காணி, அது கள்ளுக்கடைப் பக்கமாவே நீளுது" என்று வரிசையில் யாரோ ஒருத்தி சொன்னாள்.

பெண்களின் உரிமை பற்றி நான் அன்றுவரை யோசித்தவனல்ல. புத்தகத்தில் இருந்தது அவள் பெயர், இருபத்திரண்டு நாள் வேலை. ஐந்து ரூபாய் ஐம்பது சதத்தை அவள் கையிலேயே வைத்தேன். அவள் இரண்டு தரம் எண்ணினாள். அது எனக்குப் பிடித்திருந்தது. அதன்பின் இன்னும் ஒன்பது பெண்கள் கை நீட்டினார்கள்.

கங்காணி சும்மா இருக்கவில்லை; எல்லாம் அந்தக் கதையால் வந்தது என்று துரையிடம் போய்ச் சொன்னார். திங்கட்கிழமை துரை என்னைக் கூப்பிட்டு, உன் மனைவி எழுதுவதை நிறுத்தவேண்டும், இல்லையென்றால் மாத முடிவில் நீ போகலாம் என்றார்.

அன்று மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்ததும், "ஒரு வருஷம் மட்டும் எழுதாம இரேன்" என்றேன்.

அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "ஒரு வருஷம் நீங்க காசு எண்ணாம இருப்பீங்களா?" என்று கேட்டாள்.

நவம்பர் முடிந்ததும் வண்டி ஏறினோம்.

பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் அரிசி வியாபாரியிடம் கணக்கெழுதச் சேர்ந்தேன். கடைக்கு மேல் மாடி அறையில் வாடகைக்குக் குடியிருந்தோம். கருவாட்டு மணம் தலையணை வரை ஏறும். வாழ்க்கையில் நான் நன்றாகத் தூங்கியது அங்கேதான். அவள் காலையில் எழுத உட்கார்ந்தால், இரண்டு பேர் பேசுவதைக் குரல் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்ப்பாள். அரிசி வாங்க வந்தவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

"மாடியில என்னங்க சண்டை?"

"சண்டையில்ல, நாவல்" என்பார் முதலாளி, அரிசியைப் படியால் அளந்தபடியே.

அந்த மாடியில் மூன்று நாவல், பதினேழு கதை எழுதினாள். இந்தப் பெண் பெயரில் எழுதுவது ஓர் ஆண்தான் என்று சென்னையிலிருந்து ஒருவர் கடிதம் போட்டபோது, முதலாளிக்கும் சொல்லிச் சிரித்தாள். இப்போது மேலே மூட்டைகள் அடுக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கம் போனால் நானும் அண்ணாந்துதான் பார்க்கிறேன்.

முதல் புத்தகத்தைக் கண்டியில் அச்சடித்தோம். அந்தக் கதையின் முடிவை அச்சுத்தாளில்தான் படித்தேன். கணக்கப்பிள்ளை காசு கொடுக்காமல் அவளை விரட்டிவிடுகிறான்.

"நான் குடுத்தேனே" என்றேன்.

"நீங்க குடுத்தீங்க, வேலை போச்சு. அதைப் பாத்துட்டு எந்தக் கணக்கப்பிள்ளை குடுப்பான்?"

"அப்ப கதையில நான் எங்க?"

"கதையில வேண்டாம். வீட்டுல இருங்க."

எனக்கு மனத்தாங்கல்தான். ஆனாலும் அச்சுக்கூலி கட்டினேன்.

தோட்டத்தில் சம்பளம் நாற்பத்தைந்து, வீடு இனாம். கடையில் முப்பது, வாடகை ஆறு. மாதம் இருபத்தொரு ரூபாய் நட்டம். முதலாளி சம்பளத்தை உயர்த்தி அதைச் சரிக்கட்டும்வரை பன்னிரண்டு வருஷம், மூவாயிரத்து இருபத்து நாலு ரூபாய். வண்டிக் கூலி நாலரை, அச்சுக்கூலி அறுபத்திரண்டு. புத்தகங்கள் விற்று வந்த இருநூற்றுப் பதினொரு ரூபாய் இருபத்தைந்து சதத்தைக் கழித்தால், அவள் எழுத்துக்காக எனக்கு ஆன செலவு இரண்டாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பது ரூபாய் இருபத்தைந்து சதம்.