நூறு மில்லி தண்ணீர்

கண்ணாடி டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, முழங்காலை மடக்கிக் குனிந்து, கண்ணை டம்ளரின் மட்டத்துக்குக் கொண்டுவருகிறார். டம்ளரில் நகப்பூச்சால் போட்ட சிவப்புக் கோடு ஒன்று இருக்கிறது. தண்ணீர் அதைத் தொட வேண்டும், தாண்டக் கூடாது. "ஓரத்துல ஏறி நிக்கிறதப் பாக்கக் கூடாது. நடுவுல எறங்கியிருக்கு பாரு, அதுதான் அளவு," என்கிறார் கட்டிலில் இருக்கும் மனைவியிடம். இது அவர் கல்லூரியில் முதல் வாரம் படித்த பாடம். மனைவி வாங்கி மூன்று மடக்கில் குடித்துவிடுவார். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு நான்கு வருடமாகிறது. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், வேளைக்கு நூறு மில்லி தண்ணீர். கோடு சரியாக இருக்கிறதா என்று அந்த அம்மா ஒருநாளும் பார்த்ததில்லை. அளப்பது கணவர், அப்புறம் என்ன?

ஐம்பத்திரண்டு வயதில் சுற்றுச்சூழல் அறிவியல் முதலாமாண்டு மாணவர் அவர். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்ததும், பேராசிரியர் என்று நினைத்துப் பிள்ளைகள் மொத்தமும் எழுந்து நின்றுவிட்டார்கள். "உக்காருங்கப்பா, நானும் உங்க கட்சிதான்," என்றார். அன்றிலிருந்து வகுப்புக்கே சித்தப்பா. காதில் பென்சில், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. மண்ணடுக்குகளைப் பற்றிய பாடம் என்றால் மட்டும் ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்வார். காட்டு விலங்குகள் பாடத்தில் கண்ணசந்துவிடுவார். ஆய்வகத்தில் எந்தப் புட்டியைக் கொடுத்தாலும் முதலில் மூக்கருகே கொண்டுபோவார். "மூக்கை வைக்காதீங்க சார்!" என்று ஆய்வக உதவியாளர் கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டார். பழக்கதோஷம், என்ன செய்வது.

அந்தப் பழக்கம் வந்த இடம், வாகன உதிரிபாகங்களுக்குப் பளபளப்பாக முலாம் பூசுகிற தொழிற்சாலை. பத்தொன்பது வருடம் பம்ப் ஆபரேட்டர். கழிவுத்தொட்டி நிரம்பினால் வால்வைத் திறந்து விடுவது அவர் வேலை. மஞ்சளாக, பார்க்க அழகாகவே இருக்கும் அந்தத் தண்ணீர். தொழிற்சாலையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் இவர்கள் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு. மனைவிக்கு ஏன் இப்படி ஆனது என்று கேட்டதற்கு, "காரணம் இதுதான்னு சொல்ல முடியாதுங்க," என்று மருத்துவர் கையை விரித்தார். தொழிற்சாலையும் மூடியாகிவிட்டது. சித்தப்பாவுக்கு மட்டும் அந்தக் கேள்வி தொண்டையில் முள்ளாக நின்றது. "நான் தெறந்து விட்டது என்னன்னு தெரியாம நான் கண்ண மூடக் கூடாது," என்று வகுப்பில் பக்கத்து இருக்கைப் பையனிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். வீட்டில் சொன்னதில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் படிக்கிறார் என்றே மனைவி நம்பினார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எங்க வீட்டுக்காரர் காலேஜ் போறாரு," என்று வாய்கொள்ளாத சிரிப்போடு சொல்வார்.

போன மாதம், அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொன்னார்கள். பிள்ளைகள் குழாய்த் தண்ணீரோடு வந்தார்கள். சித்தப்பா, நான்கு வருடமாக மூடிக் கிடக்கும் கிணற்றின் பலகையை நகர்த்தி ஒரு புட்டி எடுத்துப் போனார். மருந்துத் துளி விட்டதும், மற்றவர்களின் சோதனைக் குழாய்கள் நிறமில்லாமல் நின்றன. இவருடையது கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. "சித்தப்பா, உங்களுதுதான் சூப்பர் கலர்!" என்று ஒரு பெண் கைதட்டினாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும். குரோமியம்: முலாம் பூசும் தொட்டியில் இருக்கிற நச்சு உலோகம். பேராசிரியை குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத யாரும் குடிக்கலையே?" என்று கேட்டார்.

செய்முறை நோட்டில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு: மாசு எங்கிருந்து வந்தது. அதைக் காலியாக விட்டுக் கொடுத்தார். நோட்டு திரும்பி வந்தது, சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறியோடு.

ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி அந்த நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், ஆனாலும் விடமாட்டார்.

"எல்லாத்தையும் முத்து முத்தா எழுதிட்டு, இத ஏங்க காலியா விட்டீங்க?"

சித்தப்பா கையிலிருந்த தண்ணீர் ஜாடியைக் கீழே வைத்தார். ஒரு பொய் சொல்லித் தப்பிக்க அந்த நேரம்கூடப் போதும். ஆனால் பொய்யெல்லாம் பழைய வருடங்களிலேயே தீர்ந்துபோயிருந்தது.

"அது நம்ம கெணத்துத் தண்ணி. ஃபேக்டரி கழிவு எறங்கியிருக்கு. வால்வத் தெறந்தது நான்."

"லாரி வந்து எடுத்துட்டுப் போகும்னு சொன்னீங்களே?"

"மொத ரெண்டு வருஷம் வந்துச்சு."

"அப்புறம்?"

"பின்பக்கக் குழியில விடச் சொன்னாங்க. மண்ணு வடிகட்டிரும்னாங்க."

அந்த அம்மா நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள்.

"தெறக்கையில ஒரு தடவகூடவா நம்ம கெணறு ஞாபகம் வரல?"

"வந்துச்சும்மா."

பதினோரு மணித் தண்ணீருக்கு நேரமாகியிருந்தது. சித்தப்பா ஊற்றினார், குனிந்தார், கண்ணைக் கோட்டுக்கு நேராகக் கொண்டுவந்தார், வழக்கத்தைவிட நேரமெடுத்துப் பார்த்தார். பிறகு டம்ளரை நீட்டினார்.

மனைவி வாங்கி, பக்கத்து முக்காலியில் வைத்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, கண்ணை டம்ளரின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீர் கோட்டைத் தாண்டவில்லையே என்று பார்த்தார்.