பின் வரிசை எலிகள்

போன வாரம் கருவடிக்குப்பத்திலிருந்து ஒருவர் பழைய சிபியு ஒன்றை ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு முழங்காலாலும் அணைத்துக்கொண்டு, முத்தியால்பேட்டையில் இருக்கும் என் ரிப்பேர் கடைக்கு வந்தார். உள்ளே கல்யாண போட்டோக்கள் இருக்கின்றனவாம், எடுத்துத் தர வேண்டுமாம். பக்கவாட்டு மூடியைக் கழற்றியதும் குப்பென்று வாசனை வந்தது. தூசி, உப்புக்காற்றில் துருப்பிடித்த தகரம், பல்லி எச்சம் மூன்றும் கலந்த வாசனை. கடலை ஒட்டிய இந்த ஊரில் சில வருஷம் கிடந்த எந்த மெஷினுக்கும் இது உண்டு. எனக்கு இது ஆகாது. இதை மோந்தால் எலி ஞாபகம் வரும். எலி ஞாபகம் வந்தால் ஒரு பெண்ணின் ஞாபகம் வரும். அது வந்துவிட்டால் அன்றைக்குப் பூராவும் யார்மீதாவது எரிந்து விழுவேன். போட்டோக்காரர் மீது விழுந்தேன். பாவம், "நாளைக்கி வரேங்க" என்று போய்விட்டார்.

எலி என்றால் சாக்கடையில் ஓடுகிற எலி இல்லை, கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எலி. கடை வைப்பதற்கு முன்னால் லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் உளவியல் துறையின் லேப் அசிஸ்டென்டாக இருந்தேன். உயிர்கள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்பதைப் பார்க்க அந்தப் பாடத்தில் ஒரு சோதனை உண்டு. ஒரு பெட்டிக்குள் வெள்ளை எலியை விடுவார்கள். சுவரில் ஒரு கம்பி. எலி அதை அழுத்தினால் ஒரு துளி தீனி விழும். இரண்டு தடவை தற்செயலாக அழுத்தித் தின்ற எலி, மூன்றாவது தடவை தெரிந்தே அழுத்தும். எனக்கு முந்தின காலத்தில் நிஜ எலிகளையே வளர்த்தார்களாம். அப்புறம் விதிமுறைகள் வந்து அதை நிறுத்திவிட்டார்கள். நான் சேர்ந்தபோது கூண்டுகளில் துடைப்பமும் பழைய விடைத்தாளும் இருந்தன. எலிக்குப் பதிலாக ஒரு சிடி வந்திருந்தது.

அந்த சாஃப்ட்வேரை எழுதியவன் கையில் கிடைத்தால் என்று நான் பல்லைக் கடித்த நாட்களுக்குக் கணக்கில்லை. திடீரென்று எலி சுவருக்குள் தலையை விட்டுக்கொண்டு வாலை மட்டும் ஆட்டும். பசங்க ஆசையாகத் தீனியை அள்ளிப் போட்டால் வயிறு நிறைந்து மூலையில் படுத்துவிடும். அதைச் செத்துவிட்டதாக நினைத்து ஒரு பெண் அழுதே விட்டாள். ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு திரையிலும் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, மறுநாள் எலி தெரியவில்லை என்று என்னைக் கூப்பிடுவார்கள். என்னிடம் இருந்த வைத்தியம் இரண்டுதான். மெஷினை நிறுத்திப் போடுவேன். அதிலும் சரியாகாவிட்டால் எதிரில் உட்கார்ந்திருப்பவரைத் திட்டுவேன். இரண்டாவது வைத்தியத்தில் நான் கைராசிக்காரன்.

லேபில் இருபது மெஷின்கள். முன்னால் இருந்த பன்னிரண்டும் கல்லூரி வாங்கியவை. பின் வரிசை எட்டும் பிரான்சில் ஏதோ ஒரு சங்கத்தார் தாங்கள் உபயோகித்துவிட்டு நன்கொடையாக அனுப்பியவை. துறைத் தலைவி புளோரன்ஸ் மேடம் வாங்கித் தந்த நன்கொடை அது. மேடத்தின் குடும்பத்தில் பாதிப் பேர் பாரிஸில் இருந்தார்கள். எதைப் பேசினாலும் கடைசியில் "வொலா" என்று கையைத் தட்டுவார். அதற்கு மேல் அந்த விஷயத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று அர்த்தம். எட்டிலும் எல்லாமே பிரெஞ்சில் இருந்தன. கீபோர்டில் எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. கீபோர்டை மட்டும் மாற்றினேன். மற்றதையும் மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு மேடம், "கை வைக்காதீங்க தம்பி. அங்கேர்ந்து பாக்க வருவாங்க. அனுப்புன மாதிரியே இருக்கட்டும். வொலா" என்றார். பிரெஞ்சுக்காரன் இந்த ஊரை விட்டுப் போய் இத்தனை வருஷமாகியும் எங்கள் லேபின் பின் வரிசை மட்டும் பிரான்சில் இருந்தது.

லேப் வகுப்பு காலை ஒன்பது மணிக்கு. டவுன் பிள்ளைகள் ஸ்கூட்டரில் முன்கூட்டியே வந்து ஃபேனுக்கு அடியில் முன் மெஷின்களைப் பிடித்துக்கொள்வார்கள். பாகூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருகிறவர்கள் பஸ் மாறி, மூச்சிரைக்க ஒன்பதே காலுக்கு நுழைவார்கள். அவர்களுக்கு மிச்சம் பின் வரிசைதான். முதல் வாரம் உட்கார்ந்த இடமே வருஷம் முழுக்க. அந்த மெஷினில்தான் அவரவர் எலியின் ஃபைல் இருக்கும். எலி எந்த நொடியில் கம்பியை அழுத்தியது, எந்த நொடியில் தீனி விழுந்தது என்று எல்லாமே அதில் பதிவாகும்.

பின் வரிசை எலிகள் படிக்கவில்லை. முன்னால் இருக்கிற எலிகள் நாலு வாரத்தில் கம்பியைத் தட்டித் தட்டித் தின்னும். பின்னால் இருப்பவை சுற்றிச் சுற்றி வந்து சுவரை மோந்துகொண்டிருக்கும். இரண்டு வருஷம், இரண்டு செட் மாணவர்கள், இப்படியே நடந்தது. உங்களுக்கு இப்போதே மூக்கில் வேர்க்கும், மெஷினைப் பார்க்கவேண்டியதுதானே என்று. எங்களில் யாருக்குமே அது தோன்றவில்லை. லேட்டாக வருகிற கும்பல், இங்கிலீஷ் தகராறு, கிராமத்துப் பிள்ளைகள், அதுங்க எலியும் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டோம். "ஒங்க எலியும் பாகூர் பஸ்லதான் வருதா?" என்று ஒருநாள் கேட்டேன். முன் வரிசை சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்ததையும் சொல்லிவிடுகிறேன்.

கலைவாணி பின் வரிசையில் ஓரத்து மெஷின். கடைசி வருஷம். மேற்படிப்புக்கு இடம் கிடைத்தால் படி, இல்லையென்றால் ஏதாவது வேலைக்குப் போ என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்துக்குப் பிராக்டிகல் மார்க் முக்கியம். அதனால் அவள் மற்றவர்களைப் போல மூலையில் படுத்த எலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு நாள் நோட்டோடு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"சார், எலி நல்லாத்தான் கத்துக்குது. பொட்டிதான் லேட்டா தீனி போடுது."

"இன்னா லேட்டு?"

"அழுத்தின ஒடனே வரல சார். எண்ணிப் பாத்தேன். அஞ்சு எண்றவரைக்கும் வரல. அதுக்குள்ள அது திரும்பிப் போயி செவுத்த மோந்துக்கினு நிக்குது. அப்பதான் தீனி வுழுது. செவுத்த மோந்தாதான் சோறுன்னு நெனச்சிக்குது."

என் சர்வீஸிலேயே ஒரு மெஷினின் கோளாறை இவ்வளவு துல்லியமாக யாரும் சொன்னதில்லை. இன்றைக்குக் கடைக்கு வருகிறவர்கள் "ஓடல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்குத் தெரியாததை இவள் சொல்வதா என்கிற கோபம். "ஒம்போது மணிக்கு ஒழுங்கா வந்தா எலியும் ஒழுங்கா கத்துக்கும்" என்றேன்.

அவள் நகரவில்லை. "முன்னாடி மெஷின்ல ஒரே ஒரு வாட்டி போட்டுப் பாக்கட்டுமா சார்?"

ஐந்து நிமிஷ வேலை. முன் மெஷினில் போட்டிருந்தால் அங்கேயே விடை தெரிந்திருக்கும். சீட் மாற்ற வேண்டுமானால் மேடத்திடம் எழுதிக் கொடு என்றேன். மிரட்டலுக்குத்தான் சொன்னேன். அவள் நிஜமாகவே எழுதிக் கொடுத்துவிட்டாள். மறுநாள் மேடம் என்னைக் கூப்பிட்டு அந்தக் கடிதத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். "இந்தப் பொண்ணு கம்ப்யூட்டர் மேல பழி போடுது. அது மெஷின்ல ஏதாவது பிராப்ளம் இருக்கா தம்பி?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னதா என்றால் இல்லை. என் வேலை வருஷா வருஷம் ஜூனில் செத்து, மேடம் கையெழுத்துப் போட்டால் மறுபடி உயிர் பிழைக்கிற வேலை. அவர் வாங்கித் தந்த மெஷினைக் குறை சொல்ல அது மாசமில்லை. அந்தக் கடிதத்தின் குறுக்கே மேடம் சிவப்பில் ஒரு கோடு போட்டார்.

பிராக்டிகல் தேர்வுக்கு வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். கலைவாணியின் எலி அவர் கண் முன்னாலேயே இடது சுவரை மோந்து மோந்து வந்தது. கருவி தாமதமாகத் தீனி தருகிறது என்று அவள் விடைத்தாளில் எழுதிவைத்திருந்தாள். அவர் அதைப் படித்துவிட்டு மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் கோளாறு இல்லை என்று தலையாட்டினேன். நான் தலையாட்டியதை அவளும் பார்த்தாள். ஜஸ்ட் பாஸ் போட்டார்கள். மேற்படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை என்று அவளோடு வந்துபோன பெண்கள் சொல்லித் தெரிந்தது.

அடுத்த வருஷம் மேடம் தன் மகளின் பிரசவத்துக்காகப் பாரிஸ் போயிருந்த சமயம், லேப் சாமான்களின் பட்டியலை ஏதோ ஞாபகத்தில் பின் வரிசை மெஷினில் உட்கார்ந்து அடித்தேன். வயர் இரண்டரை மீட்டர். இரண்டு, புள்ளி, ஐந்து. கூட்டல் வரவேயில்லை. அரை மணி நேரம் திட்டித் தீர்த்த பிறகுதான் உறைத்தது. நாம் புள்ளி வைக்கிற இடத்தில் பிரெஞ்சுக்காரன் கமா அல்லவா வைக்கிறான்! அப்படியே எழுந்து நின்றுவிட்டேன். எலி சாஃப்ட்வேரைத் திறந்து பார்த்தேன். கம்பியை அழுத்தியதற்கும் தீனி விழுவதற்கும் நடுவே அரை விநாடி, அதாவது சைபர், புள்ளி, ஐந்து. பின் வரிசை எட்டும் அந்தப் புள்ளியைச் சட்டை செய்யாமல் ஐந்து என்று படித்துக்கொண்டிருந்தன. எலி அழுத்தியது. ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். ஐந்தில் தீனி விழுந்தது. அதற்குள் எலி திரும்பி இடது சுவரை மோந்துகொண்டிருந்தது.

சரிசெய்ய இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. மெஷினின் செட்டிங்கில் நாட்டின் பெயரை மாற்றினால் போதும்.

மேடம் திரும்பி வந்ததும் சொன்னேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "மார்க்கெல்லாம் போயாச்சு தம்பி. இப்ப யூனிவர்சிட்டிக்கு எழுதினா ரெண்டு வருஷ ரிசல்ட்டயும் கிளறுவாங்க. நீங்களும்தான் இல்லன்னு சொல்லியிருக்கீங்க. எட்டையும் ஃபார்மட் பண்ணிடுங்க. வொலா."

ஜூன் வந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியான வேளையில் எட்டையும் துடைத்தேன். மனசுக்குள் அந்த அம்மாளைக் கண்டபடி திட்டிக்கொண்டேதான் செய்தேன். திட்டினேனே தவிர ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. ஓரத்து மெஷினில் அவள் பதிவு எண்ணோடு இருந்த ஃபைலைத் திறந்தும் பார்த்தேன். வரிக்கு வரி, அழுத்தியதற்கும் தீனிக்கும் நடுவே ஐந்து விநாடி. ஒரு பேப்பரில் பிரின்ட் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அந்த ஜூனில் கையெழுத்துக் கிடைத்தது. அடுத்த ஜூனில் எந்தக் காரணமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார்கள், அது வேறு கதை.

போன தை மாசம் முழங்கால் வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், டோக்கன் கவுன்டரில் கலைவாணி உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். அவள்தான் என்னை முதலில் கண்டுகொண்டாள், ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்குப் பின்னால் நின்றவர்களின் காதில் விழாமல் குனிந்து, எலி, கமா, ஐந்து விநாடி எல்லாவற்றையும் சொன்னேன். "நீ சொன்னது சரிம்மா" என்றேன். எத்தனையோ வருஷமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் அது.

"எப்ப தெரிஞ்சிது சார்?"

"நீ போன அடுத்த வருஷம்."

"என் அட்ரஸ் காலேஜ்லதான இருந்துது?"

டோக்கனை இரண்டாக மடித்தேன்.

"அந்த ஃபைலு இருக்கா?"

"இல்லம்மா. அழிச்சிட்டாங்க."

"யாரு?"

"நான்தான்."

அவள் திரை பக்கம் திரும்பினாள். என் கையிலிருந்த டோக்கன் முப்பத்தெட்டு. "முப்பத்தொம்போது வாங்க" என்று கூப்பிட்டாள்.

அந்த லேப் இப்போது இல்லை. சுவரை இடித்துப் பெரிய கூடமாக்கிவிட்டார்கள். எட்டு மெஷின்களும் பழைய இரும்பு விலைக்குப் போயின. அந்தச் சிடியைப் போட்டால் இன்றைய மெஷின் எதுவும் திரும்பிக்கூடப் பார்க்காது. இவற்றில் எதற்காகவும் எனக்கு வருத்தமில்லை, தொலையட்டும். ஆனால் ஒரு பெண் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்துச் சொன்னது சரிதான் என்று எழுதியிருந்த ஒரே இடமும் போய்விட்டது. போய்விட்டது என்று எழுதுகிறேன் பாருங்கள், அழித்தேன் என்று இல்லை. இன்னமும் இப்படித்தான் வருகிறது எனக்கு.