வளையாமல் ஒடிந்த பிராக்கெட்

ஹீட் ட்ரீட்மென்ட் லாபில் புதிதாகச் சேருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது என் தப்பைத்தான். பெருமையை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

பாறசாலைப் பக்கம் ஒரு சின்ன ஃபவுண்டரியில் லாப் பொறுப்பு எனக்கு. டக்டைல் அயர்ன் என்ற வார்ப்பிரும்பில் செய்த பாகங்களை ஆஸ்டெம்பர் செய்து பதப்படுத்துவோம். தொள்ளாயிரம் டிகிரிக்குச் சூடாக்கி, கூடையோடு உருகிய உப்புத் தொட்டியில் இறக்கி, முந்நூற்றறுபது டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் ஸ்டீலுக்குச் சமமாக நிற்கும், எடையும் குறைவு. லாரி ஸ்ப்ரிங்கைத் தாங்கும் பிராக்கெட், டிராக்டர் கியர், குவாரி மெஷின் பாகங்கள் எல்லாம் இதில் செய்வோம்.

ஒரு நாள் காலை தாசன் என்ற டிப்பர் டிரைவர் வந்தார். திருப்புறத்துக்காரர், முப்பது வயதிருக்கும். தோள் துவர்த்தில் பொதிந்திருந்த இரண்டு துண்டுகளை மேசையில் வைத்தார். எங்கள் பிராக்கெட்தான். ஓட்டத்தில் ஒடிந்து, வண்டி ஒரு மதிலில் போய்ச் சாய்ந்திருக்கிறது. ஆளுக்கு அடியில்லை, வேலைதான் போயிற்று.

"ஓவர்லோடு ஏத்தி குழியில சாடினேன்னு முதலாளி என்னைய நிறுத்திப்போட்டாரு சேச்சி. வேற யாரும் வண்டி தரமாட்டேங்கான். ரெண்டு பிள்ளைய உண்டு எனக்கு."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஓவர்லோடு என்று ஒத்துக்கொண்ட டிரைவரை நான் பார்த்ததே இல்லை. "மக்கா, இதுக்கு ஹார்ட்னஸ் பாத்து ஸ்டாம்ப் அடிச்சது நானாக்கும்" என்றேன்.

அதற்கு அவர் இரண்டு துண்டையும் எடுத்துச் சேர்த்துவைத்தார். மயிரிழை இடைவெளி இல்லை. உடைந்த பீங்கான் தட்டு போலப் பொருந்தியது.

"பாருங்க சேச்சி. குழியில சாடியிருந்தா இது கொஞ்சமாவது வளைய வேண்டாமா? முன்ன இருந்த பிராக்கெட்டு வளைஞ்சு, வண்டி ஒரு பக்கமா இழுத்த பிறகாக்கும் ஒடிஞ்சது."

உலோகம் படித்த நான் பார்க்க வேண்டியதை அவர் பார்த்திருந்தார்.

பிராக்கெட்டில் பஞ்ச் அடித்த கூடை நம்பரை வைத்து ரெஜிஸ்டரைப் புரட்டினேன். உப்புத் தொட்டியில் இருந்தது நாற்பது நிமிஷம். கீழே என் கையெழுத்து. அன்று டெலிவரி வண்டி வாசலில் நின்று ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. முன்பு நான் ஸ்டீல் ஹார்டனிங் ஷாப்பில் இருந்தவள். அங்கே எண்ணெயில் போட்ட நிமிஷமே வேலை முடிந்துவிடும். ஒன்றரை மணி நேரம் சும்மா சடங்கு என்று நினைத்துக் கூடையைத் தூக்கச் சொன்னேன். ஹார்ட்னஸ் வழக்கத்தைவிடக் கூடுதலாக வந்தது. முட்டாள்தனமாகச் சந்தோஷப்பட்டேன்.

துண்டை அறுத்து, பாலிஷ் போட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். கிராஃபைட் உருண்டைகள் அழகாக இருந்தன, வார்ப்பில் குறையில்லை. அவற்றுக்கு நடுவே திட்டுத் திட்டாக மார்ட்டென்சைட். அதற்குக் கடினம் உண்டு, வளைந்து தாங்கும் குணம் இல்லை. தொட்டியில் மாற வேண்டிய பகுதி மாறி முடியுமுன் வெளியே எடுத்ததால் வந்த வினை.

எங்கள் முதலாளியிடம் சொன்னேன். "எம்மா சுமதி, ரிப்போர்ட்டுல ஓவர்லோடுன்னு ஒரு வரி போடு. காரியம் தீந்துது" என்றார்.

"அதே கூடையில உள்ள இருபத்திமூணு பிராக்கெட்டு ரோட்டுல ஓடுது சார். அடுத்த வண்டி மதில்லதான் சாயும்னு என்ன உறப்பு?"

அதற்கு அவர், "எல்லாத்தையும் திரும்ப எடுங்க" என்றார்.

மறுநாள் குளத்தூருக்குப் போய் தாசனின் லாரி முதலாளியிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். "எழுதித் தருவியளா?" என்று கேட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாசனை அவர் அன்றைக்கே திரும்பக் கூப்பிட்டார்.

அதிலிருந்து ஹார்ட்னஸ் எவ்வளவு வந்தாலும், ஒவ்வொரு கூடையிலும் ஒரு பிராக்கெட்டைப் பிரஸ்ஸில் வைத்து வளைத்துப் பார்க்காமல் நான் ஸ்டாம்ப் அடிப்பதில்லை. கடினம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் இந்த இரும்பு பாதி உண்மையைத்தான் சொல்லும்.

மாற்று பிராக்கெட் வாங்க தாசனே வந்தார். புதுக் கூடையின் சாம்பிள் அப்போது பிரஸ்ஸில் இருந்தது. அது மெல்ல வளைவதைக் குனிந்து பார்த்தார்.

"இதும் ஒரு நாள் ஒடியும் இல்லியா சேச்சி?"

"அளவுக்கு மேல ஏத்தினா ஒடியும். ஆனா முதல்ல வளையும்."

"அது போதும். வளைஞ்சா எனக்கு ஸ்டியரிங்ல தெரியும். ஓரங்கட்டிருவேன்."