சித்திக்குச் சுவரொட்டி

எங்கள் சித்தப்பா ஊர்ச் சுவர்களில் சுவரொட்டி ஒட்டுகிறவர். பசை வாளி, நீளப் பிரஷ், மடக்கு ஏணி எல்லாவற்றையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு காலையிலேயே கிளம்பிவிடுவார். முழங்கையில் எப்போதும் பசை காய்ந்திருக்கும். அதை உரித்துக்கொண்டேதான் பேசுவார். தெருவில் அவருக்குப் பெயர் 'பசை'. யார் வீட்டிலாவது உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார் என்பதும் ஒரு காரணம்.

சித்தி பஸ் கண்டக்டர். ஒருநாள் ஓடுகிற பஸ்ஸிலேயே மயங்கி விழுந்துவிட்டார். விழுந்தது ஒரு குண்டுப் பயணியின் மடியில் என்பதால் சித்திக்கு அடி இல்லை. அந்தப் பயணிதான் இன்னும் நொண்டுகிறாராம். ரத்தம் குறைவு என்றார்கள் ஆஸ்பத்திரியில். அடுத்த பரிசோதனைக்குள் ரத்தம் ஏறினால் பஸ், ஏறாவிட்டால் டிப்போவில் நாற்காலி வேலை என்று கம்பெனி சொல்லிவிட்டது. நாள் முழுக்க நின்றபடியே ஊரைச் சுற்றுகிற சித்திக்கு நாற்காலி என்றால் ஜெயில்.

நர்ஸ் சித்தப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். "மாத்திரை ஒரு பக்கம் போகட்டும். வாரத்துல ரெண்டு மூணு நாள் சுவரொட்டி குடுங்க. நல்லா ரத்தம் ஊறும்."

சித்தப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் தொழிலை அதுவரை யாரும் அவ்வளவு மதித்துப் பேசியதில்லை. ஆட்டின் மண்ணீரலுக்கும் கறிக்கடையில் அதே பெயர்தான் என்பது அவருக்குத் தெரியாது. கறி வாங்குவது, சமைப்பது எல்லாம் சித்தியின் இலாகா. சித்தப்பாவுக்குச் சாப்பிடுகிற இலாகா மட்டும்.

அன்றைக்குச் சாயங்காலமே சித்தி படுத்திருந்த அறையில் வேலை ஆரம்பமானது. ஒரு சுவரில் அருவி. இன்னொன்றில் சர்க்கஸ் சிங்கம். கட்டிலுக்கு நேர் எதிரே, எல்லாப் பல்லும் தெரியச் சிரிக்கும் பல்பொடிக்காரன். நர்ஸ் சொன்னதைச் சித்தப்பா வந்து சொன்னபோதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாலாவது சுவரில் என்ன வருகிறது என்று பார்த்துவிடலாமே என்றுதான் வாயைத் திறக்கவில்லை. பெயின்ட் விளம்பரம் வந்தது.

தூங்கி எழுந்த சித்தி சுற்றிலும் பார்த்தார். "என்னங்க இது?"

"வைத்தியம். நர்ஸம்மா சுவரொட்டி குடுக்கச் சொன்னாங்க. பாத்துக்கிட்டே இரு, ரத்தம் ஊறும்."

"ஊறலை. கொதிக்குது."

அப்புறம் சித்தி சிரித்த சிரிப்பில், எங்கே மறுபடி மயங்கிவிடுவாரோ என்று நான் தண்ணீர்ச் செம்போடு நின்றேன். "அது ஆட்டு மண்ணீரலுங்க. கறிக்கடையில போய்க் கேளுங்க."

சித்தப்பா கறிக்கடைக்குப் போய், "ஒரு சுவரொட்டி வேணும்" என்றார். கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார். "பசை, நீ வாங்க வந்தியா, ஒட்ட வந்தியா? போன தடவை ஒட்டினதையே இன்னும் சுரண்டிக்கிட்டு இருக்கேன்."

ஓர் ஆட்டுக்கு ஒரு மண்ணீரல்தான். அதனால் தினம் கிடைக்காது. கிடைக்காத நாளுக்கு இளம் ஆட்டின் தொடைக்கறி, நெஞ்செலும்பு, கொத்துக்கறி என்று மாற்றி மாற்றி வாங்கி வந்தார். முதல் நாள் அடுப்பை முழுசாக எரியவிட்டதில் கறி செருப்புத் தைக்கிற பதத்துக்கு வந்தது. மறுநாள் பசை காய்ச்சுவது போலவே காய்ச்சினார்: சின்னத் தீ, அடி பிடிக்காமல் கிண்டல், பானையை விட்டு நகராமல் காவல். வெங்காயம், பூண்டு, மிளகு, உப்பு, அவ்வளவுதான். கொழுப்பு உருகி, கறி எலும்பை விட்டுத் தானாகக் கழன்றது. சித்தி எலும்பை உறிஞ்சிய சத்தம் வாசல் வரை கேட்டது. எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது; எனக்கு ரத்தம் போதுமான அளவு இருக்கிறது என்ற உண்மையை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் மண்ணீரலை மட்டும் சித்தி தொடவே இல்லை. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். சித்தப்பா அதைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கொத்துக்கறியோடு கலந்துவிட்டார்.

"இந்தக் கறுப்பு என்ன?"

"மிளகு."

"இவ்வளவு பெரிசாவா?"

"நல்ல மிளகு."

சித்தி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். சித்தப்பா முழங்கைப் பசையை அவசரமாக உரித்தார். தட்டு காலியானது. "அந்தப் பெரிய மிளகு இன்னும் கொஞ்சம் போடுங்க" என்று தட்டை நீட்டினார் சித்தி.

பரிசோதனையில் ரத்தம் ஏறியிருந்தது. அந்தக் காகிதத்தை டிப்போ மேஜையில் வைத்துவிட்டு, அங்கே இருந்த நாற்காலியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சித்தி பஸ் ஏறினாராம்.

அன்று மத்தியானம் சித்தப்பாவும் நானும் கறித்தூக்கோடு அந்த பஸ்ஸுக்குக் காத்திருந்து ஏறினோம்.

"படியில நிக்காதீங்க சார், உள்ள போங்க" என்றார் சித்தி, யாரோ ஓர் ஆளிடம் சொல்வது போல.

"சூடா இருக்கு. ஆறிடும்."

"இப்ப டூட்டி. டிக்கெட் வாங்குங்க."

சித்தப்பா வாங்கினார். பஸ் முழுக்கக் கறி வாசனை. டிரைவர் கண்ணாடி வழியாகத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"அக்கா, அந்தத் தூக்கு யாரோடது?"

"என்னோடது. நீங்க ரோட்டைப் பாருங்க."