சிக்னல் இல்லாத மலை

போன வாரம் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தின் பக்கம் போனபோது ஒரு குவியலின்மேல் கூடாரத் துணி போர்த்தியிருந்ததைப் பார்த்தேன். தார்ப்பாய் இல்லை. சுற்றுலா போகிறவர்கள் மலையில் அடித்துப் படுப்பார்களே, அந்த வகைக் கூடாரம். கம்பிகளை உருவிவிட்டுத் துணியை மட்டும் நெல்லின்மேல் விரித்து, ஓரங்களில் செங்கல் வைத்திருந்தார்கள். அதில் வலை போட்ட ஜன்னல்கூட இருந்தது.

"மாப்ளை துபாய்லேர்ந்து கொண்டாந்தது. வீட்ல சும்மாதான் கெடந்துச்சு" என்றார் நெல்லுக்குச் சொந்தக்காரர். ஜன்னல் வழியாக மழை உள்ளே இறங்காதா என்று கேட்டேன். "நெல்லும் கொஞ்சம் வெளிய வேடிக்கை பாக்கட்டுங்க" என்றார்.

சிரித்துக்கொண்டே குனிந்து துணியை முகர்ந்தேன். இந்த வயதில் எதையும் முகர்ந்து பார்ப்பது ஒரு வியாதியாகவே வந்துவிட்டது. ரப்பரும் புகையும் பழைய மசாலாவும் கலந்த வாடை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். ஈரப்பதம் பார்க்கிற பையன் என்னை வியாபாரி என்று நினைத்து எத்தனை மூட்டை என்று விசாரித்தான்.

நான் நாள், கிழமை குறித்து வைக்கிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆற்றில் எந்தத் தேதி தண்ணீர் வந்தது, எந்தப் புயலில் யார் வீட்டுக் கூரை போனது என்பதையெல்லாம் ஊரில் என்னிடம்தான் கேட்பார்கள். தங்கள் கல்யாணத் தேதியை மறந்துவிட்டு ரகசியமாக வந்து விசாரித்த கணவன்மாரும் உண்டு. ஆனால் அந்த வாடை ஞாபகப்படுத்திய கூடாரப் பயணத்தைப் பற்றி நான் ஒரு வரி எழுதி வைக்கவில்லை. மாசி மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. கிழமையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஓமானில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர்கீப்பர். எங்கள் பக்கத்து ஆட்கள் இரண்டு பேர் அதே முகாமில் இருந்தார்கள். ஒருவர் ரத்தினம், ஃபோர்மேன், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். இன்னொருவன் கண்ணையன், எலெக்ட்ரீஷியன். இருவரும் ஒரே ஊர், பங்காளிகள். கண்ணையனுக்கு ரத்தினம் சித்தப்பா முறை. விசா எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். அதனால் கண்ணையன் அவர் முன்னால் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

கண்ணையனின் அம்மா அப்போது படுத்த படுக்கை. எங்கள் பக்கத்தில் அப்பாவுக்கு மூத்த மகன் கொள்ளி வைப்பான், அம்மாவுக்கு இளைய மகன். கண்ணையன்தான் இளையவன். ஆனால் அவன் நாகப்பட்டினத்தில் ஒரு நர்ஸைக் காதலித்துக் கல்யாணம் செய்திருந்தான். வேறு சாதி. அண்ணன் அதற்குப் பிறகு அவனை வீட்டு வாசல் ஏற்றவில்லை. அம்மா மட்டும் ஒரு சிப்பம் அரிசியோடு தனியாக பஸ் ஏறிப் போய் மருமகளைப் பார்த்துவிட்டு வந்தாராம். வந்து தெருவில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாராம்: "எனக்கு எங்க கண்ணையன்தான் கொள்ளி வெக்கணும். வேற எவனாச்சும் வெச்சீங்க, நெஞ்சு வேவாது பாத்துக்குங்க."

இந்த வாக்கியத்தை கண்ணையன் எங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பான். சொல்லும்போது சிரிப்பான், கண் கலங்கும். பாஸ்போர்ட்டை ஆபீஸிலிருந்து வாங்கிச் சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தான். போன் வந்தால் உடனே கிளம்ப வேண்டும். மஸ்கட்டிலிருந்து ஊருக்குப் போய்ச் சேர ஒரு நாள்கூட ஆகாது. அம்மாவை ஐஸ் பெட்டியில் ஓர் இரவு வைத்திருந்தால் போதும்.

அந்த வெள்ளிக்கிழமை விடிவதற்கு முன் அம்மா இறந்துவிட்டார். கண்ணையனின் அண்ணன் போன் செய்தது ரத்தினத்துக்குத்தான், தம்பிக்கு அல்ல. என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கு மறுநாள் தெரிந்தது. நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். மறுநாள் சனி. சனிப் பிணம் துணை தேடும் என்பார்கள். ஆகவே அன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்பது அண்ணன் சொன்ன காரணம். வேறு சாதியில் பெண் எடுத்தவன் கொள்ளிச்சட்டி தூக்கினால் பங்காளிகள் பந்தலில் உட்கார மாட்டார்கள் என்பது சொல்லாத காரணம். "ரெண்டு நாளைக்கு அவன எங்கயாச்சும் போன் எட்டாத எடத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்க சித்தப்பா" என்று கேட்டிருக்கிறார்.

ரத்தினம் எங்கள் அறைக் கதவைத் தட்டினார். முகம் பளிச்சென்று இருந்தது. "டேய் கண்ணா, உங்கண்ணன்கிட்ட இப்பதான் பேசுனேன். அம்மா எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிச்சாங்களாம். நீ என்னமோ மூஞ்சத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரியிற. கெளம்பு, மலைக்குப் போவோம். ஸ்டோர், நீங்களும் வாங்க. லீவு நாள்ல என்னத்தக் கணக்கெழுதப் போறீங்க."

கண்ணையன் கட்டிலிலிருந்து குதித்து இறங்கினான். கஞ்சி குடித்தார் என்ற செய்தியில் அவனுக்குக் காலே தரையில் பாவவில்லை. அம்மாவோடு ஒரு வார்த்தை பேசிவிடுகிறேன் என்று போனை எடுத்தான். "தூங்குறாங்கடா, எழுப்பாத" என்றார் ரத்தினம்.

அந்த மலையை நான் வர்ணித்தாக வேண்டும், ஏனென்றால் அது அழகான இடம். அழகாக இருந்ததுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. தஞ்சாவூரை ஒட்டிய வல்லம் மேடு ஏறினாலே காது அடைக்கிறது என்று சொல்கிற ஆட்கள் நாங்கள். அந்த ஜீப் பாதையில் நான் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். வெறும் கல் மலை, பாலைவனத்து நடுவில் நிமிர்ந்து நின்றது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே சமனாக ஓரிடம். கூடாரம் அடிக்க வட்டமாகக் கல் அடுக்கிய சில திட்டுகள், ஓர் இரும்புத் தொட்டி, சவுக்கு மாதிரி சில மரங்கள். எங்களைத் தவிர யாரும் இல்லை. காக்கைகூட இல்லை. அத்தனை அமைதியில் என் வயிறு இரைவது எனக்கே கேட்டது. போனில் ஒரு கோடுகூட இல்லை.

கூடார ஆணி பாறையில் இறங்கவில்லை. "நம்மூருன்னா வயல் வெடிப்புல சொருகிப்புட்டுப் போயிருக்கலாம்ணே" என்றான் கண்ணையன் என்னிடம். கடைசியில் கயிற்றைக் கல்லில் கட்டினோம். கட்டி முடித்ததும் காற்று தூக்கியது. நான் உள்ளே போய் பாரத்துக்குப் படுத்துக்கொண்டேன். அந்த முகாமில் என்னால் ஆன உதவி அதுதான்.

தொட்டியில் தண்ணீர் இல்லை. குடிக்கவும் சமைக்கவும் நாங்கள் கொண்டுபோன கேன்கள்தான். நல்ல குளிர் வேறு. ரத்தினம் ஒரு கேனை எடுத்துக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனவர், தலை சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். குடிதண்ணீரை முழுக்கத் தலையில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். "வண்டிப் புழுதிங்க, தலையெல்லாம் நறநறங்குது" என்றார். பல் கிட்டியது. நான் அதை ஒரு பெரிய மனிதரின் சுத்தம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவரே ஆட்டுக்கறி வாங்கி, முகாமிலேயே மசாலா தடவி எடுத்து வந்திருந்தார். கண்ணையன் அடுப்பு மூட்டினான். ஊரில் அந்நேரம் அவன் அம்மாவைத் தூக்கியிருப்பார்கள். அவன் ஊதாங்குழல் இல்லாமல் கன்னம் உப்ப ஊதி, புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசினான். "சித்தப்பா, அம்மாவ ஒரு தடவ இங்க கூட்டிட்டு வரணும். அதுக்கு மலையே தெரியாது. மாரியம்மன் கோயில் தேர்தான் அது பாத்த ஒசரம்."

"கூட்டிட்டு வா. யாரு வேணாங்கறா" என்றார் ரத்தினம்.

கறி வெந்ததும் அவரே பரிமாறினார். கண்ணையன் தட்டில் நல்ல எலும்பாகப் பார்த்துப் பார்த்து வைத்தார். போதும் என்று அவன் கையை மறைத்தபோது, "சாப்புடுடா, அம்மா எந்திரிச்ச சந்தோசத்துல சாப்புடு" என்று கையை விலக்கிவிட்டுப் போட்டார். அவர் மட்டும் தயிர்ச்சோறு சாப்பிட்டார். வயிறு சரியில்லை என்றார். கண்ணையன் அவருக்காக இஞ்சி தட்டிக் கொதிக்கவைத்துக் கொடுத்தான். அதை வாங்கிக் குடித்தார்.

மறுநாள் மத்தியானம் மலையை விட்டு இறங்கினோம். அடிவாரத்துப் பெட்ரோல் பங்க்கை ஒட்டி ஒரு மலையாளியின் டீக்கடை இருந்தது. வண்டி அங்கே திரும்பியதும் கண்ணையன் போன் அடிக்க ஆரம்பித்தது. நின்று, மறுபடி அடித்து, மெசேஜ்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எல்லாம் அவன் மனைவி. அவளுக்கே வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான், பக்கத்து வீட்டுப் பெண் மூலம் தெரிந்திருக்கிறது. அவன் டீயைக் கையில் பிடித்தபடி அவளோடு பேசினான். பேசினான் என்றா சொன்னேன், கேட்டான். பிறகு கிளாஸைப் பெஞ்சில் வைத்தான். அவ்வளவு மெதுவாக யாரும் ஒரு கிளாஸை வைத்து நான் பார்த்ததில்லை.

"உங்களுக்கு எப்பத் தெரியும் சித்தப்பா?"

ரத்தினம் பொய் சொல்லவில்லை. "காலையிலயேதான். உங்கண்ணன் கேட்டுக்கிட்டாரு. சனிக்கெழம ஆவாதுல்ல."

"துணைக்கு ஒரு கோழிக்குஞ்ச பாடையில கட்டுனா தீந்துச்சு. எல்லாரும் அதத்தான செய்யிறாங்க."

"நீ போயி நின்னா பத்துப் பேரு எந்திரிச்சுப் போவான்டா. செத்தவளுக்கு அது அசிங்கமில்லையா?"

கண்ணையன் சத்தம் போடவில்லை. "கறி போட்டீங்களே சித்தப்பா" என்றான்.

அதற்கு ரத்தினம் சொன்ன பதிலைத்தான் நான் இத்தனை வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். கொஞ்சம் புண்பட்ட குரலில், தன்னைத் தப்பாக நினைத்துவிட்டானே என்கிற மாதிரி சொன்னார்: "நான் சாப்புடலயேடா. பங்காளி சாவு. தலைக்கு ஊத்திக்கிட்டு, தயிர்ச்சோறுதான தின்னேன்."

டீக்கடைக்காரருக்குத் தமிழ் புரியும். அவர் ஒன்றும் கேட்காமல் வண்டி கழுவுகிற ஹோஸைத் திறந்து விட்டார். கண்ணையன் சட்டையோடு அதன் கீழே, எண்ணெய் படிந்த சிமென்ட் தரையில் உட்கார்ந்தான். சட்டைப் பையில் பாஸ்போர்ட் இருந்தது. நான் ஓடிப் போய் எடுப்பதற்குள் நனைந்துவிட்டது.

ஈரப் பாஸ்போர்ட்டோடு அன்றிரவே விமானம் ஏறினான். போய்ப் பார்த்தால், சனிக்கிழமை காலையிலேயே பால் தெளித்து, சாம்பலைத் திருவையாற்றில் கரைத்து முடித்திருந்தார்கள். பிணத்துக்கு ஆகாத சனி பாலுக்கு ஆகும் போலிருக்கிறது. மாசியில் ஆற்றில் ஏது தண்ணீர்? மணலில் ஊற்றுப் பறித்து அதில் கரைத்தார்களாம். கண்ணையன் போய் நின்றபோது அந்தக் குழியும் தூர்ந்திருந்தது.

அவன் ஓமானுக்குத் திரும்பவில்லை. ரத்தினம் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்பு வாங்கிக்கொண்டு நன்றாகவே இருக்கிறார். கல்யாண வீடுகளில் பார்த்தால் எழுந்து கை கொடுக்கிறார், தாம்பூலப் பையை வாங்காமல் போகாதீர்கள் என்கிறார். கெட்டவர் முகத்தில் ஏதாவது எழுதியிருக்கும் என்று நானும் தேடிப் பார்த்தேன். நல்ல தேஜஸ்.

அந்த மலையில் இப்போது டவர் வைத்துவிட்டார்களாம். இங்கே, கண்ணையன் ஊரில், சுடுகாடு இருந்த மேடு, ஒற்றைப் புங்க மரம், பக்கத்து வாய்க்கால் எல்லாம் நான்குவழிச் சாலைக்குள் போய்விட்டன. போன மாசியில் கண்ணையன் என்னைத் தேடி வந்தான். காதோரம் நரைத்துவிட்டது. "ஊரு வெவரமெல்லாம் நீங்கதான எழுதி வெச்சிருக்கீங்க. எங்கம்மாவ எந்த எடத்துல வெச்சு எரிச்சாங்கன்னு சொல்ல முடியுமாண்ணே? அண்ணன்கிட்டக் கேட்டேன். எங்கயோ வெச்சோம்டா, இப்ப யாருக்கு ஞாபகம்ங்கறாரு."

இருவரும் போய்ச் சாலையோரம் நின்றோம். மரம் இந்த இடம், மேடு இந்த இடம் என்று நான் கை காட்டினேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.

"கும்மோணம் போற பக்கமா, தஞ்சாவூர் போற பக்கமாண்ணே?"

தெரியாது என்றேன்.

ஒரு பால் பாக்கெட்டை எடுத்து மூலையைக் கடித்துத் துப்பினான். பாதியை இந்தப் பக்கத் தாரில் ஊற்றினான். வண்டிகள் குறையக் காத்திருந்து, நடுவில் அரளிச் செடி வைத்திருக்கும் திட்டைத் தாண்டி ஓடி, மீதியை அந்தப் பக்கம் ஊற்றினான். அவன் திரும்பி வருவதற்குள் இந்தப் பக்கத்துப் பாலின்மேல் ஒரு மணல் லாரி ஏறிப் போயிருந்தது.